நாப்பத்தாறு சாமானும் ஒரு மகளும்

பகல் பன்னெண்டு மணிக்கு ஒயின்ஷாப்புக்காரன் ஷட்டரத் தூக்குவான், கடகடகடன்னு சந்து முழுக்கக் கேக்கும், அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டி கிட்ணம்மா வீட்டு அடுப்படியிலருந்து எறங்கி, நடையத் தாண்டி, சாக்கடப் பலக மேல ஏறி, கொழம்பு சொட்டச் சொட்ட ஊந்து வந்து எதுத்த வீட்டு வாசப்படியில நின்னுச்சு. எதுத்த வீடு சீனித்தாய் வீடு. மொறத்துல அரிசியப் போட்டுக் கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்தா, கரண்டிய எடுத்தா, ஒரு சொட்ட நாக்குல வச்சா. "மதினிக்கு எப்பவும் புளி தூக்கலுதான்"னு சொல்லிக்கிட்டே கழுவிக் கவுத்தி வச்சா. காம்புல அவ பேரு வெட்டியிருந்துச்சு. அவ கரண்டி, அவ வீட்டுக்கு வந்துருச்சு. அம்புட்டுத்தான்.

அது அவ புருசன் குருவையா குடிக்காம இருந்த மொத நா.

குருவையாவுக்கு சாத்தூரு மெயின்ரோட்டுப் பாத்திரக்கடையில பேரு வெட்டுற வேல. கல்யாணச் சீருன்னு வாங்குற அண்டா, குடம், தாம்பாளம் எல்லாத்துலயும் பொண்ணு பேர வெட்டித்தான குடுப்பாக, பேரில்லாத பாத்திரம் பெத்தவுக இல்லாத பிள்ள மாதிரி, எவனும் தூக்கிட்டுப் போயிரலாம். அந்தப் பேர வெட்டுறவன் இவன். குடிக்கிறதுக்கு முந்தி இவன் எழுத்துக்குன்னே கோயில்பட்டியிலருந்து பஸ் ஏறி வந்தவுக உண்டு. குடிக்க ஆரம்பிச்ச பெறகு எழுத்து கோழி கிண்டுன குப்ப மாதிரி ஆயிப்போச்சு. ஒருக்க நெறஞ்ச போதையில, பெரிய எடத்துக் கல்யாணத்துக்கு வந்த நூத்தியெட்டு டம்ளர்லயும் பொண்ணு பேர வெட்டாம 'சீனித்தாய்', 'சீனித்தாய்'னு வெட்டி வச்சுட்டான். பந்தியில தண்ணி குடிச்ச மாப்பிள்ள வீட்டுக்காரவுக டம்ளரத் திருப்பிப் பாத்து, யாருய்யா இந்தச் சீனித்தாய், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒன்னு இருக்கான்னு பொண்ணு வீட்டுல கேக்க, அவுக இவுகளக் கேக்க, எலையில சோறு இருக்க பந்தி கலஞ்சுச்சு. மொதலாளி செருப்பக் கழட்டிட்டாரு. சேதி காதுக்கு வந்தப்ப சீனித்தாய்க்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நூத்தியெட்டு தடவ தன் பேர எழுதுற புருசன் எவளுக்கு வாய்ப்பான், ஆனா அவ வீட்டுல அவ பேரு போட்ட டம்ளரு ஒன்னுகூட இல்லையே.

எங்க இருக்கும்? வித்துட்டான். குடத்த வித்தான், குத்துவெளக்க வித்தான், கொதிக்கக் கொதிக்கச் சோத்தக் கீழ கொட்டிட்டுப் பானைய வித்தான், அவ படுத்திருந்த கட்டில அவள எழுப்பிவிட்டு வித்தான், ஆட்ட வித்தான், ஆடு மேஞ்ச கயித்தையும் வித்தான். எல்லாம் அந்தச் சந்துக்குள்ளயே, பாதி வெலைக்கும் கால் வெலைக்கும். வாங்குனவுக அவனையே கூப்பிட்டு, சீனித்தாய் பேருக்குக் கீழ தங்க பேரையும் வெட்டச் சொன்னாக. அவனும் வெட்டிக் குடுத்தான்.

அதெல்லாம் பின்னால வித்தது. மொத மொதல்ல வித்தது என்னன்னு சந்துல ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாக. வடக்க ஒரு நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கரு வந்தான். பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆஸ்டல் உண்டு, மூணு நேரம் சோறு உண்டு, மூணு வருசம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம் உண்டுன்னான். குருவையா முன்பணத்த வாங்கிப் பையில போட்டான், பதினாலு வயசு நாகஜோதி ஒம்பதாங்கிளாஸ் பொஸ்தகத்த வச்சுட்டு வேன்ல ஏறுனா. ஒரே பிள்ள. முன்பணம் ஒரு மாசத்துல மூத்திரமாப் போச்சு. ரெண்டு தீவாளிக்கு வந்தா. மூணாவது தீவாளிக்குச் சீனித்தாய் மில்லு வாசல்ல போயி நின்னப்ப, அந்தப் பிள்ள வேலைய விட்டு நின்னுருச்சே, எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னுட்டான் வாட்ச்மேன். ஆறு வருசமாச்சு. மகள வித்த கைக்கு அதுக்கப்பறம் கரண்டிய விக்கக் கூசுமா?

கரண்டி வந்த மறுநா பன்னெண்டு மணிக்குத் தூக்குவாளி வந்துச்சு, மூணாம் நா இட்லிக் கொப்பர. மூணாம் நாளே சீனித்தாய் வெரல மடக்கிப் பாத்துட்டா. கடைசியா வித்தது மொதல்ல வருது, அதுக்கு முந்தி வித்தது அதுக்குப் பின்னால வருது. அவளுக்கு ஒவ்வொன்னும் வித்த நா தெரியும், கெழம தெரியும், அன்னிக்கு என்ன அடி வாங்குனாங்கிறது வரைக்கும் தெரியும். பின்னாலருந்து மடக்கிக்கிட்டே போனா. நாப்பத்தாறு சாமான். நாப்பத்தேழாவது நாகஜோதி.

அவ யாருகிட்டயும் சொல்லல. புருசன்கிட்ட மட்டும், "ஏங்க, நாப்பத்தேழு நா பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. அதுக்கப்பறம் நீங்க இருந்தாலுஞ் சரி, செத்தாலுஞ் சரி"ன்னா. அவன் எதுக்குன்னு கேக்கல. அவனும் வெரல மடக்கித்தான் இருந்தான்.

மொதத் தடவ பன்னெண்டு நாள்ல கவுந்துச்சு. ஒரு எழவு வீடு, கொட்டுக்காரவுக வந்தாச்சு, பாடைக்கு மூங்கி வெட்டுற எடத்துல யாரோ ஒரு கிளாஸ நீட்டுனாக, வாங்கிட்டான். அந்த நிமிசமே சீனித்தாய் வீட்டு அடுப்படியில கரண்டி எந்திரிச்சுச்சு, தூக்குவாளி எந்திரிச்சுச்சு, பன்னெண்டு சாமானும் வரிசை பிசகாம வெளிய போயி, வாங்குனவுக வீட்டு வாசல்ல போயி நின்னுருச்சு. கிட்ணம்மா கரண்டியக் கையில எடுத்துக்கிட்டு, "வந்துட்டியா என் ராசாத்தி"ன்னு முத்தங் குடுத்தா. சீனித்தாய் எழவு வீட்டுக்கே போயி, பொணத்துக்கு அழுறவுக கூட ஒக்காந்து, யாருக்கும் சந்தேகம் வராம அவ எழவ அழுது தீத்தா.

பெறகுதான் கயிறு கட்டப் போனது. மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயில்ல குடிய விடக் கயிறு கட்டுவாக. பூசாரி கையில மஞ்சக் கயித்தக் கட்டி, எத்தன நாளைக்குன்னு கேப்பாரு, சொன்ன நாளுக்கு முந்திக் குடிச்சா சாமி கேக்கும். ஆனா நம்ம ஆம்பளைக சாமிகிட்டயே பேரம் பேசுவாக. மச்சினன் கல்யாணம் வரைக்கும்பான் ஒருத்தன், தீவாளி வரைக்கும்பான் இன்னொருத்தன். கொத்தனாரு ஒருத்தன் பொங்க வரைக்கும் கட்டிட்டு, அது வரைக்கும் ஒரு சொட்டுத் தொடாம, பொங்கலன்னிக்கு பொண்டாட்டி பானையில அரிசி போடும்போதே கயித்த அத்து அதே அடுப்புல போட்டுட்டுப் போயி கடை ஷட்டர் முன்னால மொத ஆளா நின்னான். கேட்டா, சாமிக்குக் குடுத்த வாக்க நான் மீறலையேங்கான். பூசாரி சீனித்தாயப் பாத்து, "ஆயுசுக்கும்னு சொல்லுத்தா, கட்டிவிடுதேன்"னாரு. அவ யோசிக்கவே இல்ல. "நாப்பத்தெட்டு நா போதுஞ் சாமி"ன்னா. குருவையா அவளத் திரும்பி ஒரு பார்வ பாத்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு அவ அன்னிக்குக் கேட்டிருக்கணும். கேக்கல.

ரெண்டாந் தடவ கரண்டி வந்தப்ப சந்து முழிச்சுக்கிருச்சு. யாரு வீட்டுலருந்து எது என்னிக்குப் போகும்னு எல்லாருக்கும் தெரியும், வாங்குனவுக அவுகதான. கெணத்தடி வீட்டுக்காரரு ஒருத்தரு குடத்தச் சங்கிலி போட்டு சன்னல் கம்பியில கட்டுனாரு. பன்னெண்டு மணிக்குக் குடம் போச்சு, சங்கிலி போச்சு, சன்னல் கம்பியும் கூடப் போச்சு. அந்தக் கம்பிய வாங்க அவரு சீனித்தாய் வீட்டுக்கு வந்து, மோர் குடிச்சுட்டுப் போனாரு. சந்துத் தலைவரு வெயிலுமுத்து மத்தியானச் சோத்த வெள்ளனயே தின்னுட்டுக் கட்டில்ல படுத்தவரு, குறட்டையோட கட்டிலோட வந்து சீனித்தாய் வாசல்ல எறங்குனாரு. கண்ண முழிச்சதும் பஞ்சாயத்த அந்தக் கட்டில் மேலயே ஒக்காந்து கூட்டிட்டாரு.

"ஏலே குருவையா, நீ திருந்து, வேணாங்கல. எங்க தலையில ஏறி நின்னு திருந்தாத."

கிட்ணம்மா மல்லுக்கு வந்தா. "இவன் குடிச்சப்ப ஒரு வீட்டுக்குத்தான் கேடு. விட்டான், ஊருக்கே கேடு. ஏ சீனித்தாயி, உன் புருசன் யோக்கியனாகுறதுக்கு நான் கையில சோறு கிண்டணுமா?"

"அதுல எம்பேரு இருக்குல்ல மதினி?"

"கீழ எம்பேரும் இருக்குல்ல? வெட்டுனது உன் புருசன் தான?"

"ஏப்பா, கொஞ்சம் நிதானமாத் திருந்தக் கூடாதா? வாரத்துக்கு ஒரு நா லேசா ஊத்திக்கோ. சாமானும் தங்கும், நீயும் தங்குவ"ன்னாரு பின்னாலருந்து ஒரு பெரியவரு, நெசமாவே யோசன சொல்ற மாதிரி.

குருவையா தலையக் குனிஞ்சுக்கிட்டே, "எனக்கு அப்பிடித் திருந்தத் தெரியாது அண்ணாச்சி"ன்னான்.

கயிறு கட்டுனவனைத் தொட்டாக் கருப்பசாமி சும்மா விடாதுங்கிற பயத்துல யாரும் கை வைக்கல. ஆனா சந்துங்கிறது எதையும் பழகிக்கும். கடல் வந்து வாசல்ல நின்னாலும் நாலு நாள்ல அதுல துணி தொவச்சிருவாக. மொறை வர்ற அன்னிக்குக் காலையிலயே பாத்திரத்தக் காலி பண்ணிக் கழுவி வச்சாக, கொழம்பு வீணாகக் கூடாதுல்ல. மாவு அரைக்கிற கிரைண்டர் போன பெறகு, அந்த வீட்டுக்காரி ஊற வச்ச அரிசியோட சீனித்தாய் வீட்டுக்கே வந்து அரைச்சுட்டுப் போனா, அவளப் பாத்து இன்னொருத்தி வந்தா, வாசல்ல வாளி வரிசை கட்டிருச்சு. வந்தவுக சும்மா போகல. குருவையா எப்ப விழுவாம்னு அவன் கண்ணப் பாத்தாக, வாய மோந்தாக, மாவு வழிச்சுட்டுப் போகும்போது, "இன்னும் தாக்குப் பிடிக்கானே"ன்னு பெருமூச்சு விட்டாக. சில ஆம்பளைக பாக்கெட்டுல கால் பாட்டில வச்சுக்கிட்டு அவன் வேலைக்குப் போற வழியில சும்மா நின்னு பேசுனாக. கட்டில் இல்லாமத் தரையில படுத்த வெயிலுமுத்துவுக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சு, அந்த நோவுல அவரும் ஒரு நா நின்னாரு.

இம்புட்டுக்கும் நடுவுல குருவையா ஒவ்வொரு நாளா நடந்தான். அஞ்சாம் நா டீக் கிளாச ரெண்டு கையால பிடிக்காம ஒத்தக் கையால பிடிச்சான், கீழ ஒரு சொட்டுச் சிந்தல. பதினாலாம் நா தானே சவரம் பண்ணிக்கிட்டான், தாடையில ரெண்டே கீறல். இருவத்திரெண்டாம் நா மூணாவது இட்லி கேட்டான். முப்பத்தோராம் நா கடையிலருந்து ஒரு பழைய மூடித் தட்ட எடுத்துட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். ஞானசவுந்தரின்னு ஒரு பேரு. 'ஞா' போடுறது பேரு வெட்டுறவனுக்குக் கண்டம், அந்தச் சுழியில கை ஒரு மயிரிழ ஆடுனாலும் எழுத்து ஒடஞ்சிரும். ஒடையாம விழுந்திருந்துச்சு.

"ஏ சீனி, இங்க பாரேன். இந்தச் சுழியப் பாரு."

சீனித்தாய் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா. "பன்னெண்டாகப் போகுது, வாசல மறைக்காதீக"ன்னா.

அவன் தள்ளி நின்னான். அன்னிக்கு வந்தது ஆட்டோட மொறை. ஆடு வரல. கழுத்து மணி மட்டும் கிணிங் கிணிங்னு தனியா வந்து வாசப்படியில நின்னுச்சு, ஏன்னா ஆட்ட வாங்குனவரு அத அப்பவே பேரப்பிள்ள காதுகுத்துக்கு வெட்டிப் பங்கு வச்சுட்டாரு. சீனித்தாய் மணியக் கையில எடுத்து, அதோட நாக்க வெரலால அமுக்கிப் பிடிச்சா. இல்லாமப் போனதுக்கு மிச்சந்தான் வரும் போலருக்கே. நாப்பத்தேழாம் நா பிள்ள வருமா, பிள்ளையோட கொலுசு மட்டும் வருமா? அதுக்கப்பறம் பதினாறு நா அவ சோறு எறங்காமக் கெடந்தா. எதுத்தாப்புல ஒரு மனுசன் பல்லக் கடிச்சுக்கிட்டு, போர்வையக் கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு பன்னெண்டு மணியையும் ஒரு ஆத்தக் கடக்குற மாதிரி கடந்துக்கிட்டு இருந்தான். அவளுக்கு அது கண்ணுல படல. அவளுக்கு அவன் மகளக் கொண்டார வேண்டிய வண்டி, வண்டிக்கு நோகுமான்னு யாரு கேப்பா?

நாப்பத்தேழாம் நா வந்துச்சு. வீடு நெறையச் சாமான், சீனித்தாய் தலைக்குக் குளிச்சு, பாயாசம் வச்சு, வாசல்ல நின்னா. சந்தும் நின்னுச்சு. இன்னிக்கு யாரு வீட்டுலருந்து என்ன போகும்னு யாருக்கும் வெளங்கல, மிச்சம் ஒன்னும் இல்லையே. ஷட்டர் சத்தம் கேட்டுச்சு.

சந்து முக்குல ஒரு பொம்பள வந்தா. நைட்டி மேல துண்டு, கால்ல செருப்பு இல்ல, கையில மாவு காஞ்சு போயிருந்துச்சு. கண்ணு முன்னால பாக்குது, ஒடம்பு பின்னால இழுக்குது, காலு மட்டும் தன் போக்குல நடக்குது. கட்டிலு வந்த நடை அதே நடை. நேரா வந்து வாசப்படியில நின்னா.

"யாத்தே, நாகு!" சீனித்தாய் பாஞ்சு கட்டிக்கிட்டா. நாகஜோதி கல்லுத்தூணு மாதிரி நின்னா. கட்டிக்கிட்ட நெஞ்சு ஈரமாச்சு. மொதல்ல அழுகைன்னு நெனச்சா, பெறகு பாத்தா பாலு.

"எம்மா, கைய எடு. நான் வரல. எங்காலு வந்துச்சு."

"எங்கருந்துத்தா வார?"

"பல்லடத்துலருந்து. காலையில இட்லிக்கு மாவ எடுத்துக்கிட்டு இருந்தேன், காலு எந்திரிச்சு பஸ்ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. எம்பிள்ள பாயில கெடக்கு. மூணு மாசம் முடியல. எம்புருசன் பின்னாலயே ஓடி வந்தான், பிள்ளையத் தனியா விட முடியாமத் திரும்பிட்டான். கண்டக்டரு பைத்தியம்னு நெனச்சு டிக்கெட்டு கேக்கல." மூச்சு விடாமச் சொல்லிட்டு, வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா. அண்டா, குடம், குத்துவெளக்கு, கட்டிலு. அவளுக்கு வெளங்கிருச்சு. "ஓகோ. எல்லாத்தையும் மீட்டாச்சாக்கும். நான்தான் பாக்கியாக்கும்."

"ஆறு வருசமா ஒரு கடுதாசி இல்லையே பிள்ள?"

"வித்தீக, போனேன். வித்த சாமான் கடுதாசி போடுமா?"

நாகஜோதி திரும்பி நடந்தா. முக்கு வரைக்கும் போனா, காலு திரும்பிருச்சு. மறுபடியும் போனா, மறுபடியும் திரும்பிருச்சு. மூணாந் தடவ வெளக்குக் கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, காலு இழுத்த இழுப்புல கை ஒரஞ்சு ரத்தம் வந்துச்சு. சந்து பூரா பாத்துக்கிட்டு நின்னுச்சு. யாருக்கும் சிரிப்பு வரல. கிட்ணம்மாதான் ஓடிப்போயி அவள விலக்கிக் கூட்டிட்டு வந்து தண்ணி குடுத்தா, நெஞ்சத் தொட்டுப் பாத்துட்டு, "பாலு கட்டிருச்சு, கல்லா இருக்கு"ன்னு கண்ணத் தொடச்சா. தொடச்ச கையோட, "அவன் ஒரு மடக்குக் குடிச்சா இவ போயிருவாள்ல"ன்னும் அவதான் சொன்னா. அதுல பாவமும் இருந்துச்சு, கரண்டியும் இருந்துச்சு, எது எம்புட்டுன்னு அவளுக்கே தெரியாது.

"அந்தப் பேச்ச எடுத்தீக, நாக்க அறுத்துருவேன்"ன்னு சீனித்தாய் கத்துனா. "பிள்ளைய இங்க கொண்டாரச் சொல்லுவோம். மாப்பிள்ளையும் வரட்டும். இங்கயே இருக்கட்டும். நான் ஆறு வருசம்..."

"எம்மா." நாகஜோதி சத்தம் போடல. "நீயும் என்னைய வித்தவரு மாதிரியே பேசுத."

அப்பந்தான் குருவையா உள்ள மூலையிலருந்து எந்திரிச்சு வந்தான். மக மொகத்தப் பாக்கல, அவ கால மட்டும் பாத்தான். பெறகு பொண்டாட்டியக் கூப்பிட்டான்.

"நீ போயி வாங்கிட்டு வா, சீனி. நான் போனா அங்கயே நின்னுருவேன்."

"மாட்டேன்."

"போ. இல்லன்னா நான் போக வேண்டியிருக்கும்."

அவ போனா. அந்தக் கடைய எத்தன வருசம் சபிச்சிருப்பா, அதோட வாசல்ல அவ நின்னப்ப ஆம்பளைக தன்னால வழி விட்டாக, ஒருத்தன் துண்ட எடுத்து இடுப்புல கட்டுனான், சாமி வந்த மாதிரி. கால் பாட்டில முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தா. குருவையா கையிலருந்த மஞ்சக் கயித்த மெதுவா அவுத்து மாடக்குழியில வச்சான். சீல ஒடச்சான். பாட்டில் மூடியிலயே ஊத்துனான், மூடி வெளிம்பு வரைக்கும், ததும்பாம. ஊத்துன கை ஆடல. சீனித்தாய் அந்தக் கையப் பாத்தா. நாப்பத்தேழு நாள்ல அன்னிக்குத்தான் பாத்தா. 'ஞா' போட்ட கை. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே அது மூடிய வாய்க்குக் கொண்டு போச்சு.

குடிச்சான். ஒடம்பு பூரா ஒரு உலுக்கு உலுக்குச்சு, கண்ணு பாட்டிலுக்குப் போச்சு, பசிச்ச மாடு புல்லப் பாக்குற மாதிரி. "ஊத்திரு"ன்னான். "வெரசா ஊத்திரு, எங்கைய நம்பாத." நெலப்படிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, நெத்திய அதுல முட்டிக்கிட்டு நின்னான். சீனித்தாய் மிச்சத்தச் சாக்கடையில ஊத்துனா.

நாகஜோதிக்குக் காலு அவ காலாச்சு. ஒருக்கத் தூக்கி வச்சுப் பாத்தா. பாயாசம் குடிக்கல, அழல, திட்டல. அப்பன் முதுகப் பாத்து எதோ கேக்க வாயெடுத்தா, நெஞ்சுல பாலு சொட்டுச்சு, திரும்பிட்டா. கிட்ணம்மா தன் செருப்பக் கழட்டிக் குடுத்தா. அவ முன்னால போக, அவளுக்குப் பின்னால வீட்டுக்குள்ளருந்து அண்டா எறங்குச்சு, குத்துவெளக்கு எறங்குச்சு, குடம், தாம்பாளம், கட்டில், கிரைண்டர், கடைசியில கரண்டி, நாப்பத்தாறு சாமானும் வரிசையா அவ பின்னால போச்சு. தாலி கட்டிப் புருசன் வீடு போற பொண்ணுக்குப் பின்னால சீர் போற மாதிரியே போச்சு. அவளுக்கு ஊரறியக் கல்யாணம் நடக்கல, சீர் வைக்கல. முக்கு வரைக்கும் அது சீராப் போச்சு. முக்குல அவ ரோட்டுல எறங்குனா, சாமானுங்க திரும்பி, வாங்குனவுக வீட்டுக்கு ஒவ்வொன்னா நொழஞ்சுருச்சு.

மறுநா குருவையா குடிக்கல. பன்னெண்டு மணிக்குக் கரண்டி வந்துச்சு.

அன்னிக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து, ஒருத்தர ஒருத்தர் பாக்காம, கணக்க முடிச்சாக. நாப்பத்தாறு நா இருக்கலாம். நாப்பத்தாறாவது சாமான் வந்து சேந்ததும் ஒரு மூடி குடிச்சிரணும், பெறகு மொதல்லருந்து ஒன்னு. நாப்பத்தேழு ஒருக்காலும் வரக் கூடாது, வந்தா அந்தப் பிள்ள மறுபடியும் மாவுக் கையோட, பாலு நெஞ்சோட பஸ் ஏறணும். ஆயுசுக்கும் இப்பிடித்தான். வேணும்னேதான் குடிக்கிறதுன்னு சந்துல சொல்லிறலாமான்னு சீனித்தாய் கேட்டதுக்கு, "வேண்டாம். சொன்னா எதுக்கு வித்தான், அங்க என்ன ஆச்சுன்னு பிள்ள பேரு வாயில வாயில உருளும். என்னைய ஏசிட்டுப் போகட்டும்"ன்னான்.

சந்தும் ஏசுச்சு. பிள்ள வந்தது கருப்பசாமி கயித்தோட வேல, கயித்த அவுத்தாச்சு, இனி வராதுன்னு நெனச்சுக்கிருச்சு. ஏசிக்கிட்டே வசதியாவும் ஆக்கிக்கிருச்சு. நாப்பத்தாறு நா சாமான் போகும், பெறகு எல்லாம் ஒன்னாத் திரும்பி வரும், மழைக்காலம் வெயில்காலம் மாதிரி. வீட்டுல விசேசம் வைக்கிறவுக, "குருவையா எப்பப்பா கவுருவான்?"னு கேட்டு நாள் குறிச்சாக. கட்டில் போறதுக்கு முந்தினநா வெயிலுமுத்து தென்னங்கீத்துப் பந்தல்ல பாய விரிச்சுக்குவாரு.

ஒரு மூடியோட நிறுத்துறது குடிகாரனுக்கு மலையப் பேக்குற வேல. குடிக்காமலே இருந்துறலாம், குடிச்சுக்கிட்டே இருந்துறலாம், அந்த ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிக்கத்தான் முடியாது. ரெண்டாஞ் சுத்துல பாட்டில ஊத்தப் போனவ கைய மணிக்கட்டுல பிடிச்சுட்டான், அவ பல்லால கடிச்சுத்தான் விடுவிச்சா, தழும்பு இன்னும் இருக்கு. மூணாஞ் சுத்துல தன்னத் தூணோட கட்டிப் போடச் சொன்னான். நாலாஞ் சுத்துல ஒரு மூடி மூணு மூடியாச்சு, விடிய விடிய ரெண்டு பேரும் அழுதாக. அஞ்சாவதுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், அவ்வளவுதான். ஆறாவதுல, ஊத்துற சத்தம் கேக்காம இருக்க, ஏதாவது பேசுன்னான், அவ அந்த நூத்தியெட்டு டம்ளரு கதைய எடுத்து விட்டா, நெலப்படியில நெத்திய வச்சுக்கிட்டே அவன் தோளு குலுங்குச்சு, சிரிக்கானா அழுகானான்னு அவ எட்டிப் பாக்கல.

ஏழாஞ் சுத்து போன செவ்வாக்கெழம முடிஞ்சுச்சு. ஒரு மூடி குடிச்சான். கண்ண மூடி எதையோ எண்ணுனான். பெறகு அவ கையிலருந்து பாட்டில வாங்கி, நடந்து போயி, தானே சாக்கடையில ஊத்துனான். கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னு பாத்து ஊத்துனான். வந்து, கை கழுவி, "சோத்தப் போடு"ன்னான். சீனித்தாய்க்குச் சோத்து மண்பான கண்ணுக்குத் தெரியல, வெறும் மங்கலாத் தெரிஞ்சுச்சு. ஒரு அகப்ப கூடுதலா வச்சா. அந்தச் சேதியச் சொல்ல ஒலகத்துல அவளுக்கு ஒரு ஆளு இல்ல.

மறுநாக் காலையில கொழாயடியில கிட்ணம்மா குடத்த மாத்தி வச்சுக்கிட்டே, நாலு பேரு கேக்கத்தான் சொன்னா. "ஏழு தடவையும் பாத்தாச்சு. நாப்பத்தாறு நாளுக்கு மேல உன் புருசனுக்குத் தாங்காது போலருக்கே, ஏ சீனித்தாயி?"

தண்ணி நெறஞ்சு வழிஞ்சுச்சு. சீனித்தாய் பிளாஸ்டிக் குடத்தத் தூக்கி இடுப்புல வச்சா.

"ஆமா மதினி"ன்னா. "தாங்காது."